நான்கு கோடைகள் கிரீச்சிட்ட தரை: டெக்சாஸ் கரிசலில் ஒரு தொழிற்சாலை வீடு

என் அக்கா வீட்டுத் தரை 2021 கோடையில்தான் சத்தம் போட ஆரம்பித்தது. முதலில் படுக்கையறைகளுக்குப் போகும் நடையில் ஒரே ஓர் இடம். மறு வருடம் நடை முழுவதும். 2024 செப்டம்பர் கடைசியில் நான் போனபோது, இரவில் ஒருவர் தண்ணீர் குடிக்க எழுந்தாலும் வீடே விழித்துக்கொள்ளும் நிலை. கோவில்பட்டியிலிருந்து வந்து தங்கியிருந்த அம்மா, பேரன் தூக்கம் கலையக்கூடாது என்று இருட்டில் சுவரைத் தடவியபடி ஓரமாகவே நடந்து பழகியிருந்தார். எழுபது வயதைத் தாண்டியவர் அப்படி நடப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. ஒரு மாத விடுப்பை அந்த வீட்டின் அடியில் கழித்தேன்.

வீடு இருப்பது டெக்சாஸின் நடுப்பகுதியில், டெம்பிள் நகருக்குக் கிழக்கே, ஓர் ஏக்கர் நிலத்தில். 1997-இல் கட்டிய மேனுஃபேக்சர்டு ஹோம். தொழிற்சாலையிலேயே முழுதாகக் கட்டி, இரும்புச் சட்டத்துக்குச் சக்கரம் பூட்டி, நெடுஞ்சாலையில் இழுத்து வந்து நிறுத்துகிற வீடு. அமெரிக்காவில் பேச்சுவழக்கில் இன்னும் மொபைல் ஹோம் என்கிறார்கள். 1976 ஜூன் 15-இல் மத்திய வீட்டுவசதித் துறையின் கட்டுமான விதிகள் நடைமுறைக்கு வந்தன. அதற்குப் பின் அந்த விதிப்படி கட்டியவைதான் சட்டப்படி மேனுஃபேக்சர்டு ஹோம். வெளிச்சுவரில் ஒட்டியிருக்கும் சிவப்புத் தகடு அதற்கு அடையாளம். அக்கா வீட்டில் இரண்டு தகடுகள் உண்டு. இரண்டு பாதிகளாக வந்து நிலத்தில் ஒன்றாக இணைத்த வீடு அது. பாதிக்கு ஒரு தகடு. பாதிகள் சேரும் கோட்டை இங்கே மேரேஜ் லைன் என்பார்கள். இந்தச் சத்தத்தின் கதை முழுவதும் அந்தக் கோட்டை ஒட்டித்தான் நடக்கிறது.

முதல் மூன்று முயற்சிகள்

நான் வருவதற்கு முன்பே அத்தான் மூன்று முறை போராடியிருந்தார். முதலில் டால்கம் பவுடர். பலகைக்கும் பலகைக்கும் நடுவே பவுடரைத் தூவினால் சத்தம் போகும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பட்டை பட்டையாக மரம் பதித்த தரைக்கு அது ஓரளவு பொருந்தும். இங்கே கார்ப்பெட்டுக்கு அடியில் இருப்பது 4 அடிக்கு 8 அடி பார்ட்டிகிள் போர்டு. பவுடர் போய்ச் சேர வழியே இல்லை. அடுத்தது, கார்ப்பெட்டை எடுக்காமலே மேலிருந்து இறக்கி, தலையை ஒடித்து எடுத்துவிடக்கூடிய தனி வகை ஸ்க்ரூ. 2023-இல் அறுபது ஸ்க்ரூ இறக்கினார். இரண்டு மாதம் வீடு அமைதியாக இருந்தது. பிறகு பழைய சத்தத்தோடு புதிதாக ஒரு விசில் சத்தமும் சேர்ந்தது. ஒரு ஸ்க்ரூ சட்டத்தைத் தப்பி, தரைக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் ஏசி காற்றுக்குழாயைத் துளைத்திருந்தது. நல்லவேளை, அரை அடி தள்ளி ஓடிய தண்ணீர்க் குழாயில் இறங்கவில்லை.

மூன்றாவது, வாஷிங் மெஷின் அறையில் தரை அமுங்கிய இடத்தின் மேலேயே ஒரு பிளைவுட் துண்டைப் போட்டு மூடியது. கீழே ஈரம் இருந்ததால் மூடிய பிறகு அது இன்னும் வேகமாக மெத்துப் போனது.

அத்தானைக் குறை சொல்ல மாட்டேன். சத்தம் மேலே கேட்கும்போது கை மேலேதான் போகும். நானும் முதல் நாள் ஸ்க்ரூ வாங்கத்தான் கிளம்பினேன். காரில் போகும்போது அக்கா சொன்ன ஒரு வாக்கியம்தான் திருப்பிவிட்டது.

"ஏ தம்பி, குழாய் உறைஞ்சு வெடிச்சுதுல்லா, அந்த வருஷத்துக்கு முன்னாடி இந்த வீட்டுல ஒரு சத்தமும் கெடையாது."

சத்தம் எங்கே கேட்கிறது என்று எல்லோரும் பார்த்தோம். எப்போது தொடங்கியது என்று யாரும் யோசிக்கவில்லை. 2021 பிப்ரவரி நடுவில் டெக்சாஸ் முழுவதும் உறைந்தது. மின்சாரம் போய், லட்சக்கணக்கான வீடுகள் இருளில் கிடந்தன. அக்கா வீட்டில் தரைக்கு அடியில் ஓடும் குழாய் இரண்டு இடத்தில் வெடித்தது. பிளம்பர் கிடைக்காமல் அலைந்து, கடைசியில் வந்த ஒருவர் அடியில் புகுந்து சரிசெய்துவிட்டுப் போனார். அதற்குப் பின் இந்த வீட்டின் அடியை யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

சத்தத்துக்கு ஒரு வரைபடம்

கடைக்குப் போகாமல் திரும்பி, நீல நிற ஒட்டுத்தாளை எடுத்துக்கொண்டு வீட்டை நடந்து அளந்தோம். அத்தான் நடந்தார், நான் தரையில் காது வைத்தேன். ஒவ்வோர் இடத்திலும் ஒட்டுத்தாள் ஒட்டி, சத்தத்தின் வகையையும் எழுதினோம். கிரீச் என்றால் ஆணி மரத்தில் உரசுகிறது. டொக் என்றால் பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவே இடைவெளி இருந்து, கால் வைத்ததும் பலகை போய் இடிக்கிறது. சத்தமே இல்லாமல் கால் அமுங்கினால் அதுதான் மோசம், பலகை உளுத்துப்போயிருக்கிறது.

மொத்தம் 31 இடங்கள். அவற்றில் 19, மேரேஜ் லைனுக்கு இரண்டு பக்கமும் மூன்றடிக்குள். 7 இடம் வாஷிங் மெஷின் அறையிலும் அதன் வாசலிலும். மீதி ஐந்து அங்கொன்றும் இங்கொன்றுமாக. ஒட்டுத்தாள்களை நின்று பார்த்தபோது, கூடத்திலிருந்து நடை வரை நீலக்கோடு போட்டது போல் இருந்தது. பலகை பழசாகிவிட்டதால் வந்த சத்தம் என்றால் வீடு முழுக்கப் பரவியிருக்க வேண்டும். கோடாக வந்தால், அந்தக் கோட்டுக்கு அடியில் தாங்குகிற ஏதோ ஒன்று தளர்ந்திருக்கிறது.

அதே கோட்டில் இன்னொரு அடையாளமும் இருந்தது. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே உள்ள அகன்ற திறப்பின் மேல் மூலையில் சுவரில் சாய்வாக ஒரு மயிரிழை விரிசல். பக்கத்து அறைக் கதவு, சட்டத்தின் மேல் மூலையில் இடித்தது.

அடியில் கண்டது

இந்த மாதிரி வீடு எப்படி நிற்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மண்ணின் மேல் ஒரு பட்டைக்கல். அதன் மேல் ஹாலோ பிளாக் அடுக்கிய தூண். தூணுக்கும் வீட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியை இறுக்க, எதிரெதிராக அடித்த மர ஆப்புகள். அதன் மேல் நீளவாக்கில் ஓடும் இரும்பு ஐ-பீம், பாதிக்கு இரண்டு. பீமின் மேல் குறுக்காக மரச் சட்டங்கள், சட்டத்தின் மேல் பார்ட்டிகிள் போர்டு, அதற்கு மேல் கார்ப்பெட். சட்டங்களுக்கு நடுவே குளிரும் வெப்பமும் புகாமல் கண்ணாடி இழை அடைத்து, அடியில் வயிறு போலக் கறுப்பு உறை இழுத்துக் கட்டியிருப்பார்கள். பெல்லி போர்டு என்று அதற்குப் பெயர். மேரேஜ் லைனில் பெரிய திறப்பு வருகிற இடத்தில், திறப்பின் இரண்டு முனைக்கும் கீழே தனித் தூண் இருக்கும். கூரை முகட்டின் பாரம் அந்த இரண்டு முனை வழியாகத்தான் தரைக்கு இறங்குகிறது.

புகுவதற்கு முன் மெயின் சுவிட்சை அணைத்தோம். முகமூடி, முழுக்கை சட்டை, தலைவிளக்கு. வெளியே ஒருவர் உட்கார்ந்து பேச்சுக்கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று ஏற்பாடு. இந்தப் பக்கத்தில் ப்ளாக் விடோ சிலந்தியும் காப்பர்ஹெட் பாம்பும் உண்டு. இருட்டில் எதையும் வெறுங்கையால் தொடவில்லை.

வீட்டின் அடியைச் சுற்றி மறைத்திருக்கும் பக்கத்தடுப்பைக் கழற்றி இருபது அடி தவழ்ந்ததும் காரணம் தெரிந்துவிட்டது. 2021-இல் குழாயை அடைவதற்காகப் பெல்லி போர்டை ஆறு அடி நீளத்துக்குக் கிழித்தவர் அதைத் திரும்ப மூடவில்லை. கண்ணாடி இழை கிழிந்து மண் வரை தொங்கியது. வழியில் குறுக்கே வந்த ஒரு வெள்ளை பிவிசி குழாயையும் கழற்றிவிட்டு மாட்டாமல் போயிருக்கிறார். நடையில் உள்ள அலமாரிக்குள் இருக்கும் ஏசியிலிருந்து வடியும் தண்ணீரை வீட்டுக்கு வெளியே கொண்டுபோகிற குழாய் அது. நான்கு கோடையாக அந்தத் தண்ணீர் வெளியே போகவே இல்லை. மேரேஜ் லைனில் கூடத்துத் திறப்புக்குக் கீழே உள்ள தூணின் காலடியில் சொட்டிக்கொண்டிருந்தது. ஏசியை ஓடவிட்டு ஒரு வாளியை வைத்துப் பார்த்தோம். பொழுது சாய்வதற்குள் நிரம்பி வழிந்தது.

இந்த இடத்தில் மண்ணைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். டெம்பிளைச் சுற்றி இருப்பது ஹூஸ்டன் ப்ளாக் என்ற கறுப்புக் களிமண். டெக்சாஸின் மாநில மண் என்றே அதைச் சொல்கிறார்கள். ஈரம் பட்டால் உப்பும். காய்ந்தால் சுருங்கிக் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். பருத்தி நன்றாக விளையும். கோவில்பட்டிப் பக்கம் பிறந்த எங்களுக்கு இது புது மண்ணே இல்லை; எங்கள் கரிசல்தான். மண்ணியல்காரர்களும் இரண்டையும் வெர்ட்டிசால் என்ற ஒரே வகுப்பில்தான் வைக்கிறார்கள். ஊரில் கரிசல் காட்டில் வீடு கட்டுகிறவர் அஸ்திவாரக் குழியில் கரிசலை எடுத்துக் கொட்டிவிட்டு மணல் அடிப்பதைச் சின்ன வயதிலேயே பார்த்திருக்கிறோம். ஆனால் ஏழு வருடம் அந்த மண்ணின் மேல் குடியிருந்தும், தரைச் சத்தத்தையும் மண்ணையும் நாங்கள் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

ஈரத்தில் ஊறிய கரிசலுக்குப் பாரம் தாங்கும் பலம் குறையும். நான்கு கோடையும் நனைந்து, நடுவே மூன்று குளிர்காலமும் காய்ந்து, அந்தத் தூணின் பட்டைக்கல் சேற்றுக்குள் அமிழ்ந்திருந்தது. ஊர்க் கொத்தனார் பிடிக்கிற அதே டியூப் மட்டத்தால் அளந்தோம். ஒளி ஊடுருவும் குழாயில் தண்ணீர் நிரப்பி இரண்டு முனையையும் இரண்டு தூணில் பிடித்தால் போதும். முப்பது அடி தள்ளியும் பிசகு இல்லாமல் காட்டும். பீமும் தூணும் மறைக்கும் இடத்தில் லேசர் கருவியைவிட இதுவே வசதி. அமிழ்ந்த தூண் மற்றவற்றைவிட முக்கால் அங்குலம் கீழே. அடுத்த தூண் கால் அங்குலம் கீழே. இரண்டிலும் ஆப்புகளை விரலால் உருவ முடிந்தது. தூண் நின்றுகொண்டிருந்தது, ஆனால் எதையும் தாங்கவில்லை.

ஏன் இது சத்தமாக மாறுகிறது

வீட்டுத் தரை கொஞ்சம் வளைவது குற்றம் இல்லை. மத்திய விதியே, தரைச் சட்டம் சதுர அடிக்கு 40 பவுண்டு பாரம் ஏற்றியும் தன் நீளத்தில் 240-இல் ஒரு பங்கு வரை வளையலாம் என்கிறது. ஆறு அடி நீளத்துக்குக் கிட்டத்தட்ட கால் அங்குலத்துக்குச் சற்று மேல். தாங்கல் சரியாக இருக்கும்வரை அந்த வளைவு பரவலாக, மெதுவாக நடக்கும், காலுக்கே தெரியாது.

ஒரு தூண் கைவிட்டால், சட்டங்களின் அந்த முனை அந்தரத்தில் தொங்குகிறது. ஒவ்வொரு காலடிக்கும் அது கூடுதலாக வளைந்து நிமிர்கிறது. தொழிற்சாலையில் பலகையைச் சட்டத்தோடு பிணைத்த பசை முதலில் விட்டுப்போகிறது. பிறகு ஆணி மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறது. பார்ட்டிகிள் போர்டு என்பது மரத்தூளும் பிசினும் அழுத்திச் செய்தது. அதில் ஆணித் துளை சுலபமாகத் தளரும். துளை தளர்ந்ததும் பலகை ஆணியின் மேல் ஏறி இறங்குகிறது. அந்த உரசல்தான் கிரீச். அத்தானின் அறுபது ஸ்க்ரூ இரண்டு மாதம் தாங்கியதும் பிறகு விட்டதும் இதனால்தான். பலகையைச் சட்டத்தோடு சேர்த்தார், சட்டமே ஆடிக்கொண்டிருந்தது. ஸ்க்ரூத் துளைகளும் தளர்ந்தன.

வேலை நடந்த வரிசை

தண்ணீரை நிறுத்தாமல் வேறு எதையும் தொடுவதில்லை என்று முடிவு. ஏசி வடிகுழாயை மாட்டி, பக்கத்தடுப்புக்கு வெளியே பத்து அடி தள்ளிக் கொண்டுபோய் விட்டோம். அதற்கு ஆன செலவு இருபது டாலருக்கும் குறைவு. இந்த முழு வேலையிலும் அதிகம் பலன் தந்தது அதுதான். பிறகு மூன்று வாரம் மண் காயக் காத்திருந்தோம். அத்தானுக்குப் பொறுக்கவில்லை.

"மாப்ள, லீவு முடியப் போவுது, தூக்கிப் போட்டுருவமா?" என்று தினமும் கேட்டார். ஈரச் சேற்றின் மேல் மட்டம் வைத்தால், காய்ந்ததும் திரும்ப இறங்கும். மறுத்துவிட்டேன்.

வீட்டைத் தூக்குகிற வேலையை மட்டும் நாங்கள் செய்யவில்லை. டெக்சாஸில் இதற்கென்று மாநில உரிமம் பெற்றவர்கள் இருக்கிறார்கள். உரிமம் சரிபார்த்து ஒருவரை அழைத்தோம். இந்த இடத்தில் காசை மிச்சம் பிடிக்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஜாக்கி சறுக்கினால் அடியில் இருப்பவர் பிழைக்க மாட்டார். அவர் செய்த விதத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். முதலில் வீட்டை நிலத்தோடு கட்டியிருக்கும் காற்றுத் தாங்கும் இரும்புப் பட்டிகளைத் தளர்த்தினார். பட்டி இறுகியிருக்கும்போது தூக்கினால் சட்டகம் முறுக்கும். பிறகு பிளாக் அடுக்கி, அதன் மேல் தடித்த மரம், அதன் மேல் ஜாக்கி. மேரேஜ் லைனில் இரும்பு பீம் கிடையாது என்பதால், இரண்டு பாதியின் விளிம்புச் சட்டத்தையும் சேர்த்துத் தாங்கும்படி குறுக்கே ஒரு கட்டையைக் கொடுத்தார். ஒரு தடவைக்கு அரைக்கால் அங்குலம்தான். தூக்கிவிட்டு நிறுத்துவார், மேலே அத்தான் கதவையும் சுவர் விரிசலையும் பார்த்துச் சொல்வார், ஒவ்வொரு தூக்கலுக்கும் துணையாகப் பக்கத்தில் பிளாக் அடுக்கிக்கொண்டே வந்தார். வெறும் ஜாக்கியை நம்பி ஒரு நிமிடம்கூட அடியில் கை வைக்கவில்லை. அமிழ்ந்த பட்டைக்கல்லை எடுத்து, சேற்றைக் கெட்டி மண் வரை வெட்டி, 24 அங்குலச் சதுரத்தில் அகலமான பட்டைக்கல் வைத்துத் தூணை மறுபடி எழுப்பினார். கடின மரத்தில் புது ஆப்பு. கடைசியில் பட்டிகளை மறுபடி இறுக்கினார்.

அன்று மாலையே நடந்து பார்த்தோம். 31 இடத்தில் 12 மட்டும் மிச்சம். தரையின் மேலிருந்து ஒரு ஸ்க்ரூகூட இறக்காமல் 19 சத்தம் போயிருந்தது. கதவு இடிப்பதும் நின்றது.

மிச்சம் இருந்தவற்றுக்கு அடியிலிருந்தே வைத்தியம். சட்டமும் பலகையும் சேரும் மூலையில் கட்டுமானப் பசையை நீளமாகப் பிதுக்கினோம். இடைவெளி தெரிந்த இடத்தில் மெல்லிய மரச் சீவலில் பசை தடவி விரலால் தள்ளிச் செருகினோம். சுத்தியலால் அடித்து ஏற்றக்கூடாது; பலகை எழும்பி, பக்கத்தில் புது இடைவெளி உண்டாகும். மேலிருந்து போட வேண்டியிருந்த நான்கு இடத்தில், கார்ப்பெட்டை ஓரத்திலிருந்து உரித்து, இரண்டரை அங்குல டெக் ஸ்க்ரூ. சுவர்ப் பலகைக்குப் போடும் டிரைவால் ஸ்க்ரூ மலிவு என்று அதைப் போடுகிறவர்கள் உண்டு. அது கடினமாக இருக்கும், ஆனால் வளையாது. ஆடுகிற தரையில் கழுத்தோடு முறியும். ஸ்க்ரூ சட்டத்தில் இறங்க வேண்டும். பலகையில் மட்டும் இறங்கினால் பிடிப்பே இல்லை. அடியில் ஒருவர் படுத்துக்கொண்டு சட்டத்தைத் தட்டிக்காட்ட, மேலிருந்து இடம் குறித்தோம். காற்றுக்குழாயில் இருந்த ஓட்டையை உலோக டேப்பால் ஒட்டியதும் விசில் நின்றது.

வாஷிங் மெஷின் அறைக்கு இரண்டு நாள் பிடித்தது. அங்கே மரச் சட்டத்தில் ஈரப்பத மானி 19 சதவீதம் காட்டியது. வீட்டின் மறுகோடியில் 11. பலகையைக் கிள்ளினால் தண்ணீரில் ஊறிய ரஸ்க் போல உதிர்ந்தது. சட்டங்கள் நல்ல வேளையாகக் கெட்டியாக இருந்தன. ரம்பத்தின் ஆழத்தைப் பலகையின் கனமான 5/8 அங்குலத்துக்குச் சரியாக வைத்து அறுத்தோம். ஒரு நூல் கூடினாலும் சட்டத்தில் வெட்டு விழும். இந்த வகை வீட்டில் முதலில் தரை முழுவதும் பலகை போட்டு, அதன் மேல்தான் உள்சுவர்களை நிறுத்துவார்கள். அதனால் பலகை சுவருக்கு அடியில் தொடர்கிறது; முழுதாக உருவ முடியாது. சுவரோரமாக அறுத்துவிட்டு, அந்த விளிம்பைத் தாங்க அடியில் 2x6 கட்டைகளைக் குறுக்காகக் கொடுத்தோம். புதிதாகப் போட்டது பிளைவுட், பசையோடும் ஸ்க்ரூவோடும். 5/8 என்று விற்கும் பிளைவுட் உண்மையில் 19/32 அங்குலம்தான். அந்த வித்தியாசம் காலில் தட்டாமல் இருக்க விளிம்பில் நிரப்பி தேய்த்தோம். மேலே வினைல், ஓரமெல்லாம் ஈரம் புகாமல் சீலன்ட்.

கடைசியில் வயிற்றை மூடினோம். புதுக் கண்ணாடி இழை, அதன் மேல் நெய்த பாலிதீன் உறை, ஓரத்துக்குத் தனி டேப். வீட்டுக்கு அடியில் மண்ணின் மேல் 6 மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் ஆறு பங்கு) கனமுள்ள பாலிதீன் தாளை ஓரடி ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி விரித்தோம். வெளியே சுவரை ஒட்டிய பத்து அடிக்கு, அடிக்கு அரை அங்குலம் சரிவு வரும்படி மண் கூட்டினோம். இரண்டும் நிறுவல் விதிகளில் உள்ள அளவுகளே. கூரை விளிம்பில் மழைநீரை ஏந்தும் தகரக் கால்வாய் போட்டது மட்டும் விதியில் கட்டாயம் இல்லாத, நாங்களாகச் சேர்த்த செலவு. கரிசலில் அதைத் தவிர்க்கவே கூடாது என்பேன்.

ஒரு வருடம் கழித்து

2025 அக்டோபரில் திரும்பப் போனேன். இடையில் ஒரு முழுக் கோடையும் வசந்த கால மழையும் கடந்திருந்தன. டியூப் மட்டத்தில் பழைய தூண் அரைக்கால் அங்குலத்துக்கும் குறைவாகவே அசைந்திருந்தது. ஆப்புகள் விரலுக்கு வரவில்லை. வாஷிங் மெஷின் அறைச் சட்டத்தில் ஈரம் 12 சதவீதம். மேலே மூன்று சத்தம் பாக்கி. ஒன்று காற்று வரும் சல்லடையின் தகரம், இரண்டு பெரிய அலமாரிக்கு அடியில். அலமாரியை நகர்த்தும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம்.

அத்தான் இப்போது ஏப்ரலில் ஏசியை முதல் தடவை ஓடவிட்ட அன்று வெளியே போய், வடிகுழாயின் முனையில் தண்ணீர் விழுகிறதா என்று நின்று பார்க்கிறார். தூண்களின் பக்கத்தில் சாக்பீஸால் மட்டக்கோடு போட்டு, தேதியும் எழுதி வைத்திருக்கிறார். அம்மா நடையின் நடுவிலேயே நடக்கிறார்.